பாங்கு முடியும் வரை நிற்கும் படம்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, எங்கள் வீதியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கரண்ட் போனால் சோறாக்குகிற குசினிக்குத் தனியாகப் போகமாட்டேன். கூரையில் பூனை நடந்தாலும் வாயில் பிஸ்மி வந்துவிடும். இப்படிப்பட்ட எனக்குப் பூதமும் மந்திரவாதியும் நெருப்புக் கக்கும் பறவையும் வருகிற படங்கள் என்றால் உயிர். பயப்படவும் வேண்டும், பார்க்கவும் வேண்டும். "பயந்து சாகிறவளுக்கு என்னத்துக்குகா இந்தச் சைத்தான் படம்?" என்று உம்மா கேட்பார்.

கலியாணம் முடிக்கும் வரை இந்தப் படங்களில் ஒன்றைக்கூட நான் கடைசி வரை பார்த்ததில்லை. பாதியில் எழும்பி உம்மாவின் பக்கத்தில் போய் இருந்துவிடுவேன். அதை மாற்றியவர் என் கணவர்தான். நான் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அவர் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கு ஒரு சூட்கேசோடும் ஒரு பென் டிரைவோடும் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்குக் கல்முனையில் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்கிற கடையில் வேலை. வேலை முடிந்து வரும் வழியில், படம் ஏற்றிக் கொடுக்கிற கடையில் நின்று, தமிழில் பேசவைத்த வெளிநாட்டுப் படமாகப் பார்த்து ஏற்றிக்கொண்டு வருவார்.

முதல் படத்திலேயே பூமியைப் பிளந்துகொண்டு கொம்பு வைத்த ஒரு பூதம் எழும்பியது. நானும் எழும்பினேன். அவர் என் கையைப் பிடித்து இருத்தினார்.

"ஓடாத புள்ள. அந்தப் பூதத்திட கொம்ப மட்டும் பாரு."

பார்த்தேன். பூதம் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபோது ஒரு பக்கத்துக் கொம்பு கொழகொழவென்று ஆடியது. ரப்பர். எனக்கு வந்த சிரிப்பில் பயம் போன இடம் தெரியவில்லை. அன்றிலிருந்து பூதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பூதத்தில் பிழை பார்க்கத் தொடங்கினேன். கொஞ்ச நாளில் அவரை விடக் கூடுதலாகப் பிடிப்பது நான்தான் என்று ஆகிவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

பிழை பிடிப்பதற்கு எங்கள் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. தொழுகைக்கு அழைத்துப் பள்ளியில் பாங்கு சொல்லும்போது வீட்டில் படம் ஓடக்கூடாது, இது உம்மாவின் சட்டம். உடனே நிறுத்திவிட வேண்டும், கதைக்கவும் கூடாது. எங்கள் ஊரில் பள்ளிவாசல்கள் கிட்டக் கிட்ட. ஒரு பள்ளியில் பாங்கு முடிகிற நேரம் அடுத்த பள்ளியில் தொடங்கும், அது முடியுமுன் கடற்கரைப் பக்கத்தில் இன்னொன்று. அவ்வளவு நேரமும் திரையில் ஒரே காட்சி அசையாமல் நிற்கும். வாய் பாங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும், கண் திரையில் இருக்கும். இது கூடுமா கூடாதா என்று நான் எந்த மௌலவியிடமும் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை.

அப்படி நிறுத்திய படங்களில்தான் எல்லாம் அகப்படும். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ராணியின் புஜத்தில் தடுப்பூசித் தழும்பு. மந்திரவாதியின் கோட்டைக்குப் பின்னால் கரண்ட் கம்பி. வாள் பிடித்த வீரனின் மணிக்கட்டில், கைக்கடிகாரம் கட்டுகிற இடம் மட்டும் வெள்ளையாக. ஓடுகிற படத்தில் இதெல்லாம் கண்ணில் படாது என்று அதை எடுத்தவர்கள் நினைத்திருப்பார்கள். எந்த டைரக்டரும் சாய்ந்தமருதுப் பாங்கை யோசித்துப் படம் எடுப்பதில்லை.

ஒரு படத்தில் ராஜாவுக்கு இடக் கன்னத்தில் வெட்டுக் காயம். ஒரு காட்சியில் மட்டும் அது வலக் கன்னத்துக்கு மாறியிருந்தது. மேக்கப் போட்டவன் மறந்துபோய் மற்றப் பக்கத்தில் ஒட்டிவிட்டான் என்று நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "படத்தத் திருப்பிப் போட்டிரிக்கான் புள்ள, கண்ணாடிக்குள்ள பாக்கிற மாதிரி. எங்கயாவது எழுத்துத் தெரியுதா பாரு" என்றார். ராஜாவுக்குப் பின்னால் இருந்த கொடியில் எழுத்துகள் எல்லாம் இடம் வலமாகத் திரும்பி நின்றன. அன்று முழுக்க அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்.

மகள் பிறந்து ஓடியாடத் தொடங்கிய பிறகு அவர் கட்டாருக்குப் போனார். அங்கும் அலுமினிய வேலைதான், ஆனால் பெரிய மெஷின்கள். விளையாட்டை நாங்கள் விடவில்லை. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. இரண்டு பேரும் ஒரே படத்தை அவரவர் இடத்தில் பார்ப்போம். பிறகு பிடித்த பிழைகளை வாட்ஸ்அப்பில் வொய்ஸ் போடுவோம். அவருடைய வொய்ஸில் பாதி சிரிப்புத்தான் இருக்கும். "இந்த முற உனக்கு ஒண்டு குறைய" என்று சொல்லிவிட்டு அவர் சிரிக்கிற சிரிப்பைக் கேட்பதற்காகவே சில பிழைகளைக் கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன். புருஷன் பெண்சாதி அன்பாகக் கதைப்பது எங்களுக்கு அந்த விதத்தில்தான் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் படம் பார்க்கவில்லை. வேலை கூடிவிட்டது என்றார். அடுத்த வெள்ளியும் பார்க்கவில்லை. நான் அனுப்பிய வொய்ஸுக்கு, "ஓம் புள்ள, பிறகு கேக்கிறன்" என்று மட்டும் பதில் வந்தது. அதில் சிரிப்பு இல்லை. மனுஷனுக்குக் களைப்பு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

வீடியோ கோல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதுவும் நேரம் மாறி வந்தது. வழமையாக இரவு இஷாத் தொழுகை முடிந்து நாங்கள் சாப்பிடுகிற நேரத்தில்தான் எடுப்பார், அங்கே வேலை விட்டு அறைக்கு வருகிற நேரம் அது. இப்போது பின்னேரத்தில், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் எடுத்தார். அங்கே நல்ல பகல். வேலை கூட என்று சொல்கிற ஆள், வேலை நேரத்தில் சாய்ந்துகொண்டு என்னோடு கதைக்கிறார். என் கண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

அவருடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. அதைப் பற்றி அவர் எத்தனையோ தரம் முறையிட்டிருக்கிறார். இப்போது அவர் முகத்தில் ஒரு பக்கத்திலிருந்து வெயில் விழுந்தது. "அறை மாத்திட்டாங்களா மச்சான்?" என்று கேட்டேன். "இல்லியே, அதே அறைதான்" என்றார். வெக்கை தாங்காமல் எப்போதும் பெனியனோடு இருக்கிறவர் முழுக்கைச் சேட் போட்டிருந்தார். தாடியை அளவாக வெட்டி வைத்திருக்கிறவருக்கு இப்போது அது ஒரு பக்கம் கூட, மற்றப் பக்கம் குறைய. எல்லாவற்றையும் விட, படம் ஆடவில்லை. அவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கதைத்தால் அவர் முகமும் கூரையும் மாறி மாறித் தெரியும், எனக்குத் தலை சுற்றும். இப்போது எதிலோ சாய்த்து வைத்துவிட்டு, நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி அசையாமல் இருந்தார். நான் எப்படிப் பார்ப்பேன் என்று தெரிந்த ஆள் அவர். எனக்குத் தெரியக் கூடாததை எல்லாம் படத்துக்கு வெளியே வைத்திருந்தார்.

அது புரிந்த அன்று எனக்குப் பழைய பயம் திரும்பி வந்தது. படத்தில் பிழை தெரிந்தால் பயம் போய்விடும், ஏனென்றால் காட்டுவது பொய் என்று தெரிந்துவிடுகிறது. இங்கேயும் காட்டுவது பொய் என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் மெய் எது, அது எவ்வளவு பெரியது?

உம்மாவிடம் சொன்னேன். உம்மா போனை வாங்கி, நான் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்கிரீன்ஷொட்டை உற்றுப் பார்த்தார்.

"ஆம்புளையள் மட்டும் இரிக்கிற அறை இவ்வளவு துப்புரவா இரிக்குமாகா? ஆரு கூட்டிப் பெருக்கின?"

உம்மாவின் புத்தி எங்கே போகிறது என்று எனக்கு விளங்கியது. உண்மையைச் சொன்னால், அந்தப் பயம் எனக்குச் சின்னப் பயமாகத்தான் இருந்தது. இன்னொருத்தியாக இருந்தாலும் பரவாயில்லை, ஆள் உசிரோடு சுகமாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். சோறு வடிக்கும்போது மறுபடி யோசித்து, பரவாயில்லை என்பதை வாபஸ் வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்த முகத்தில் கள்ளத்தனம் இல்லை. எனக்கு முன்னால் சிரிப்பதற்கு அவர் பாடுபடுவது தெரிந்தது. நோயாளி மாதிரி இருந்தார்.

சிறுநீரகமா, நெஞ்சா, வெளியில் சொல்லக்கூடாத வேறு நோயா என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். கட்டாருக்குப் போய்ப் பெட்டியில் வந்தவர்களின் கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் கையைத் துடைக்காமலே ஓடினேன். அடிக்காவிட்டால் சத்தம் குறைந்து கிடக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். தெரியாத நம்பர் வந்தால் எடுக்க விரல் வரவில்லை. தொழுகையில் நிற்கும்போது எத்தனை ரக்அத் தொழுதேன் என்பது மறந்துபோனது.

அவரோடு ஒரே அறையில் இருக்கிறவர் சம்மாந்துறைக்காரர். லீவில் வந்தபோது ஒரு தரம் எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார், நல்ல மனுஷன். அவருக்குக் கோல் எடுத்து, மச்சானுக்கு என்ன என்று நேரே கேட்டேன்.

"ஒண்டுமில்ல தங்கச்சி. வேலை கொஞ்சம் கூட, வெயிலுக்குக் களைப்பு. வேற ஒண்டுமில்ல, நீங்க துஆ செய்யுங்க."

அன்று பின்னேரம் மச்சான் எடுத்தபோது அதே கேள்வியை அவரிடமும் கேட்டேன்.

"ஒண்டுமில்ல புள்ள. வேலை கொஞ்சம் கூட, வெயிலுக்குக் களைப்பு. வேற ஒண்டுமில்ல, நீ துஆ செய்."

இரண்டு மனிதர் இரண்டு இடத்தில் ஒரே வசனத்தைக் கதைத்தால் அது சேர்ந்திருந்து அமைத்த வசனம். போனை வைத்துவிட்டு, அந்த வசனத்தை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் மகள் அவரோடு கதைத்தாள். அவளுக்கு நாலு வயது. வாப்பா கோலில் வந்தால் அவளுக்கு ஒரே ஒரு காரியம்தான். அவர் போனை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் கோத்து ஒரு பறவை செய்வார். விரல்களை அடித்து அதைப் பறக்க விடுவார். அது திரைக்கு வெளியே போய் மறுபடி வந்தால்தான் அவள் போனைத் திருப்பித் தருவாள்.

"வாப்பா, பறவ."

"பறவ நித்திரகொள்ளுது மகள்."

"எழுப்புங்க."

அவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார், பிறகு லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். லைன் நல்ல தெளிவாகத்தான் இருந்தது. மகள் என்னைப் பார்த்து, "பறவைக்குக் காய்ச்சலா உம்மா?" என்று கேட்டாள். அவளைத் தூக்கி வைத்துக்கொண்டேன், அவளுக்காக அல்ல, எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த நாள் பொழுதுபடுகிற நேரம், மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி எடுத்தார். உம்மா தொழுகைக்கு முகம், கை கால் கழுவி வுழூச் செய்யக் கிணற்றடிக்குப் போயிருந்தார், மகளும் பின்னாலேயே போய்விட்டாள். நான் முன்னறையில் தனியாக இருந்தேன். மச்சான் ஊரில் மழை பெய்ததா, மகள் சாப்பிட்டாளா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்லிக்கொண்டு, ஆடாத அந்தப் படத்தின் ஓரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பாங்கு தொடங்கியது.

வழமைபோல இரண்டு பேரும் வாயை மூடினோம். அங்கே அது பாங்கு நேரம் இல்லை. ஆனாலும் ஊர்ப் பாங்கு போனில் கேட்டால் அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார். எனக்கு முன்னால் எவ்வளவு நடித்தாலும் பாங்கின்போது நடிக்க அவருக்கு வராது. முகம் தளர்ந்தது. தன்னை மறந்து பக்கத்திலிருந்த பிளேன்டீக் கோப்பையை எடுத்தார். உதடு பிஸ்மி சொன்னது. குடித்தார்.

இடக் கையால் குடித்தார்.

மகள் இடக் கையால் பிஸ்கட் எடுத்தால், அதை வாங்கி வலக் கையில் கொடுத்து, பிஸ்மி சொல்லவைத்து, அதற்குப் பிறகுதான் கடிக்க விடுகிற மனிதர் அவர். காய்ச்சலில் கிடந்தபோதுகூட இடக் கையால் ஒரு மிடறு தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. போன்தான் படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறது என்று மனதை ஏமாற்றப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் சுவரில் ஓர் அரபுக் கலண்டர் தொங்கியது. அதில் மாதத்தின் பெயரை வலமிருந்து இடமாக, எழுத்து எழுத்தாக வாசித்தேன். ஒழுங்காக வாசிக்க வந்தது. படம் திரும்பவில்லை. அது அவருடைய இடக் கைதான்.

பாங்கு ஓடிக்கொண்டிருந்தது. கேட்க வேண்டிய கேள்வி நாக்கில் நின்றது, கேட்க முடியாது. முதல் பள்ளி முடித்தது, அடுத்தது தொடங்கியது. முழுக்கைச் சேட், சாய்த்து வைத்த போன், ஒரு பக்கம் குறைந்த தாடி, பறக்காத பறவை எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றன. அந்த இடம் திரைக்குக் கீழே, எனக்குத் தெரியாத பக்கத்தில் இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, பாங்கு முடியக் கூடாது என்று ஆசைப்பட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். முடிந்தால் நான் கேட்டுவிடுவேன், கேட்டால் அவர் சொல்லிவிடுவார்.

கடற்கரைப் பள்ளியும் முடித்தது.

"மச்சான், டீயச் சோத்துக் கையால எடுங்க."

அவர் கோப்பையைப் பார்த்தார். அது இன்னும் இடக் கையில் இருந்தது. அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"நீ பயந்திருவாய் எண்டுதான் புள்ள சொல்லல்ல."

"சொல்லுங்க."

"மெஷினுக்குள்ள போயிட்டு. பெருவிரல் இரிக்கி. மத்ததுகள் இல்ல. இது ஆஸ்பத்திரி அறைதான், நோவு இப்ப குறைவு. ஊருக்கு வந்து இரிந்து ஆறுதலாச் சொல்லுவம் எண்டு நினைச்சன். போன்ல உன்ட முகம் போறதப் பாத்துக்கொண்டு என்னால இரிக்கேலா."

எனக்கு அழுகை வரவில்லை. உசிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் சொன்னது. இனித் தெரியாமல் இருக்க முடியாது என்று பட்டது. தெரியாத எதையும் என் மனம் பத்து மடங்காக்கிவிடும், அதை நான் நன்றாக அறிவேன்.

"காட்டுங்க மச்சான்."

"வேணாம் புள்ள."

"காட்டுங்க."

அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு இடக் கையால் சேட்டின் கையை மடித்தார். சுற்றியிருந்த துணியின் நுனியைப் பல்லால் பிடித்துக்கொண்டு பிரிக்கத் தொடங்கினார். துணி ஒரு சுற்று வந்தது, இன்னொரு சுற்று வந்தது. வற்புறுத்திக் கேட்டவள் நான்தான். கடைசிச் சுற்று அவிழ்ந்து, கை திரைக்குள் ஏறுகிற அந்த நேரம் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். நான் மூடியது அவருக்கு அங்கே தெரியும் என்பதைக்கூட நினைக்கவில்லை.

பிறகு அவர் குரல் வந்தது, மகளை எழுப்பும்போது கதைக்கிற அந்த மெல்லிய குரலில்.

"கண்ணத் திற புள்ள. நான்தான்."

எனக்குத் திறக்க நேரமெடுத்தது. திறந்தபோது அவர் கையை இறக்கியிருக்கவில்லை. முழங்கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, நான் பார்ப்பதற்காகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார்.